ஏழு மாசம் கிக் அடிச்சு கண்டுபிடிச்சது: 2002 புல்லட் ஸ்டாண்டர்ட், பாபர் ஸ்டைல்ல மாத்தின வண்டி

நேத்து காலைல ஆறே முக்காலுக்கு ரெண்டாவது கிக்ல எடுத்துச்சு. ராத்திரி பூரா மழை, ஷெட்டுக்குள்ள ஒரே ஈரம், அப்படியும் எடுத்துச்சு. முந்தாநாள் ஒரே கிக். ஒரு வாரம் தொடர்ந்து ஒழுங்கா ஸ்டார்ட் ஆனாத்தான் இதை எழுதணும்னு எனக்கு நானே சொல்லி வெச்சிருந்தேன், ஏன்னா இதுக்கு முன்னாடி மூணு தடவை "பிரச்சனை தீந்துருச்சு"ன்னு வீட்ல அறிவிச்சு அதுல ரெண்டு தடவை மறுநாள் காலைல ஆட்டோல ஆபீஸ் போனவன் நான். இன்னையோட எட்டு நாள் ஆச்சு. எழுதலாம்.

வண்டி அப்பாவோடது. 2002 மாடல் புல்லட் ஸ்டாண்டர்ட் 350, காஸ்ட் அயர்ன் இஞ்சின், 346 சிசி, ரைட் சைட் கியர், கிக்கரும் அதே பக்கம், செல்ஃப் எல்லாம் கிடையாது. பாயின்ட்ஸ் இக்னிஷன், அதாவது இஞ்சின் சுத்த சுத்த பாயின்ட்ஸ்ங்கற சின்ன சுவிட்ச் மூடித் திறந்து, பேட்டரிலேர்ந்து காயிலுக்கு (ஸ்பார்க்குக்கு வோல்டேஜ் ஏத்தற சுருள்) போற கரண்டை வெட்டும், அப்போதான் ஸ்பார்க் வரும்; பேட்டரில கரண்ட் இருந்தாத்தான் பிளக்ல ஸ்பார்க். அப்பாவுக்கு முட்டி வலி வந்ததுக்கு அப்புறம் நாலு வருஷம் தார்பாய் போட்டு மூடிக் கிடந்துச்சு. போன வருஷம் நான் ஆசைப்பட்டு பாபர் ஸ்டைல்ல, அதாவது வேண்டாததைக் கழட்டி, மட்கார்டைக் குட்டையாக்கற ஸ்டைல்ல, கஸ்டம் பண்ணக் கொடுத்தேன். எந்தக் கடைன்னு கேக்காதீங்க, வேலை பாக்க அழகாத்தான் பண்ணிருந்தாங்க. சிங்கிள் சீட், அகல ஹேண்டில் பார், பின் மட்கார்ட் குட்டையா, ஃபிரேம் பூரா மேட் கருப்புல பவுடர் கோட்டிங், ஹெட்லைட்டைச் சுத்தி இருந்த பெரிய நாசெல் கழட்டிட்டு சின்ன உருண்டை லைட், ஏர் ஃபில்டர் பாக்ஸ் தூக்கிட்டு கார்புரேட்டர் வாயில நேரா ஒரு கோன் ஃபில்டர், பேட்டரி சீட்டுக்கு அடியில ஒரு டப்பாக்குள்ள. ஃபிரேமை மட்டும் எங்கயும் வெட்டக் கூடாதுன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டேன், ஆர்சி தொல்லை வேண்டாம்னு. மொத்தம் ஒரு லட்சத்து பத்தாயிரம் ஆச்சு. டெலிவரி எடுக்கும்போது கடைக்காரத் தம்பி ஒரு அட்டைப் பெட்டில கழட்டின பழைய சாமான் எல்லாம் போட்டுக் கொடுத்தான், "பழைய இரும்புக்குப் போட்டுருங்கண்ணா"ன்னான். அந்தப் பெட்டியை ஷெல்ஃப் மேல தூக்கிப் போட்டேன். இரும்புக்குப் போடாம இருந்தது நல்லதாப் போச்சு, அதுக்கு அப்புறம் வரேன்.

கடைலேர்ந்து வீட்டுக்கு ஓட்டிட்டு வரும்போது அருமையா வந்துச்சு. மறுநாள் காலைல ஸ்டார்ட் ஆகலை. இருபது கிக், முப்பது கிக், சட்டை பிழிஞ்சா தண்ணி வர்ற அளவுக்கு வேர்வை. தெருவுல தள்ளிட்டுப் போய் செகண்ட் கியர்ல கிளட்ச் விட்டா உடனே பிடிச்சுக்குது. பிடிச்சதுக்கு அப்புறம் எந்தக் குறையும் இல்ல, பூந்தமல்லி வரைக்கும் போய்ட்டு வந்தேன், மக்கர் பண்ணலை. சூடா இருக்கும்போது சில நேரம் அஞ்சாறு கிக்ல எடுக்கும், சில நேரம் எடுக்காது. காலைல மட்டும் சத்தியமா எடுக்காது. இந்தக் குறிப்பை ஞாபகம் வெச்சுக்கோங்க, தள்ளினா பிடிக்குது, ஓடும்போது நல்லா ஓடுது, கிக்குக்கு மட்டும் வரலை. இதுலயே விடை இருந்துச்சு, எனக்குத்தான் படிக்கத் தெரியலை.

முதல்ல எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன், கார்புரேட்டரைக் கழட்டினேன். மிக்கார்ப் விஎம் 24, பயப்படற அளவுக்கு ஒண்ணுமில்ல. நாலு வருஷம் நின்ன வண்டி, ஜெட்ல, அதாவது பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டையில, அடைப்பு இருக்கும்னு யாரா இருந்தாலும் சொல்வாங்க. உள்ள பாத்தா சுத்தமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் கார்ப் கிளீனர் அடிச்சு, பைலட் ஜெட் ஓட்டையில ஒத்தை செம்புக் கம்பி விட்டு, ரிப்பேர் கிட் 350 ரூபாய்க்கு வாங்கி மாத்தி திருப்பி மாட்டினேன். அன்னைக்கு சாயந்திரம் நாலாவது கிக்ல எடுத்துச்சு. முதல் அறிவிப்பு. மறுநாள் காலைல முப்பது கிக். இப்படியே மூணு தடவை கார்ப் கழட்டினேன்னா நம்புவீங்களா. மூணாவது தடவை மாட்டும்போது ஃபிளேஞ்ச் (கார்ப் இஞ்சினோட சேர்ற தட்டையான முகப்பு) நட் ரெண்டையும் வெறில இறுக்கினேன், அதுக்கும் தண்டனை பின்னாடி வந்துச்சு.

அப்பா வெராண்டாவுல சேர் போட்டு உக்காந்துட்டு "டேய், பிளக்கக் கழட்டிப் பாரு, பிளக்கக் கழட்டிப் பாரு"ன்னு ஒரே பாட்டு. அவருக்கு எல்லா நோய்க்கும் பிளக்குதான் மருந்து. கழட்டினா ஈரமா பெட்ரோல் வாசனையோட வந்துச்சு. ஹெட் மேல வெச்சு கிக் அடிச்சுப் பாத்தா ஸ்பார்க் தெரியுது. "பாத்தியாப்பா, கரண்ட் வருது"ன்னு சொல்லிட்டு அந்தப் பக்கத்தை மூடிட்டேன். இது ரெண்டாவது தப்பு, பெரிய தப்பும் கூட. வெளிய காத்துல வெச்சா ஸ்பார்க் தாவறது சுலபம். சிலிண்டருக்குள்ள காத்தை அழுத்தி வெச்சிருக்கும்போது அதே இடைவெளிய தாவ இன்னும் நிறைய வோல்டேஜ் வேணும். வெளிய வந்ததுனால உள்ளயும் வருதுன்னு அர்த்தம் இல்ல. அதோட நான் பாத்த ஸ்பார்க் மஞ்சக் கலர்ல மெலிசா இருந்துச்சு, நீலமா டிக் டிக்னு சத்தத்தோட வரணும். அன்னைக்குக் கலரைக் கவனிச்சிருந்தா நாலு மாசம் மிச்சம். புது பிளக் 130 ரூபாய் போட்டேன், எந்த மாத்தமும் இல்ல.

அடுத்தது பாயின்ட்ஸ். இதுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல போய் பாயின்ட்ஸ் செட் 220, கண்டென்சர் 90, அப்படியே சந்தேகத்துக்கு காயில் 850 எல்லாம் வாங்கிட்டு வந்தேன். புது பாயின்ட்ஸ் மாட்டினதும் சுத்தமா ஸ்பார்க்கே இல்ல, இருந்ததும் போச்சு. அரை நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். புது பாயின்ட்ஸ் முகத்துல துரு பிடிக்காம இருக்க ஒரு எண்ணெய்ப் படலம் தடவி அனுப்பறாங்க, அதை பெட்ரோல்ல நனைச்ச துணில துடைச்சுட்டு மாட்டணும். வெள்ளைப் பேப்பரை நடுவுல விட்டு உருவினா பேப்பர்ல பழுப்பா கறை வந்துச்சு, கறை நிக்கற வரைக்கும் உருவினேன், ஸ்பார்க் திரும்பி வந்துச்சு. அதே மஞ்ச ஸ்பார்க்.

பாயின்ட்ஸ் முழுசா திறக்கும்போது நடுவுல வர்ற இடைவெளி, அதாவது கேப், 0.35லேர்ந்து 0.40 மிமீக்குள்ள இருக்கணும். அதை அளக்கற மெல்லிசு தகடு, ஃபீலர் கேஜ், இருந்துச்சு, ஆனா கண்ணாடி போடாம 0.55ஐ 0.35ன்னு படிச்சுட்டேன், வயசு நாப்பத்தி மூணு, ஒத்துக்கறேன். பாயின்ட்ஸ் கேப் அதிகமானா பாயின்ட்ஸ் சீக்கிரமே திறக்கும், டைமிங், அதாவது ஸ்பார்க் வர்ற நேரம், முன்னாடி போயிரும். எனக்கு இது தெரிஞ்சது கிக்கர் திருப்பி அடிச்சப்போதான். முழு வெயிட்டும் போட்டு மிதிச்சேன், பாதில இஞ்சின் எதிர்ப்பக்கம் உதைச்சுச்சு, கிக்கர் மேல வந்து கெண்டைக்கால்ல ஒரு அடி. ரப்பர் செருப்பு எங்க போச்சுன்னு பக்கத்து வீட்டுப் பையன்தான் தேடிக் கொடுத்தான். பத்து நாள் நொண்டினேன். வீட்ல "வித்துருங்க"ன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டுப் போய்ட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் ஷூ போடாம கிக் அடிக்கறதில்லன்னு ஒரு ரூல், மூக்குக் கண்ணாடி போடாம ஃபீலர் கேஜ் தொடறதில்லன்னு இன்னொரு ரூல்.

கால் ஆறினதும் கேப்பை 0.38க்கு வெச்சு, டைமிங்கையும் திருப்பி செட் பண்ணேன். ஆர்டர் முக்கியம், முதல்ல கேப், அப்புறம்தான் டைமிங், ஏன்னா கேப்பைத் தொட்டா டைமிங் நகந்துரும். புல்லட் 350க்கு பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு 0.8 மிமீ முன்னாடி பாயின்ட்ஸ் திறக்க ஆரம்பிக்கணும். பிளக் ஓட்டை சாஞ்சு இருக்கறதால அது வழியா சைக்கிள் ஸ்போக் விட்டு அளந்தா நேர் அளவு வராது, கிட்டத்தட்டத்தான். பாயின்ட்ஸ் நடுவுல சிகரெட் பாக்கெட்குள்ள இருக்கற மெல்லிசு பேப்பரை வெச்சு, இஞ்சினை மெதுவா நகத்தி, பேப்பர் லூஸ் ஆகற இடத்தைப் பிடிச்சேன். ரெண்டு நாள் சாயந்திரம் போச்சு இதுக்கு. கிக்கர் திருப்பி அடிக்கறது நின்னுச்சு, ஸ்டார்டிங் மட்டும் அப்படியே.

அப்போதான் வெறுத்துப் போய் பெரம்பூர் பக்கம் ஒரு பழைய புல்லட் மெக்கானிக் பாய்கிட்ட தள்ளிட்டுப் போனேன். பாய் கிக்கரைக் கையால ரெண்டு தடவை அமுக்கிப் பாத்துட்டு "தம்பி, பிஸ்டன் ரிங் போயிருக்கு, போர் பண்ணி ஓவர் சைஸ் பிஸ்டன் போட்டுருவோம்"னாரு. எட்டாயிரம் சொன்னாரு. "யோசிச்சு சொல்றேன் பாய்"னு சர்வீஸ் மட்டும் பண்ணச் சொல்லி 1,200 கொடுத்துட்டு வந்துட்டேன். பாய் மேல குறை இல்ல, அவர் டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, பாத்துக் கொடுத்தது சரியா இருந்துச்சு, இஞ்சின் ஆறினப்போ புஷ்ராடு விரல்ல உருட்டினா சுத்தணும், மேலயும் கீழயும் ஆடக் கூடாது, அப்படித்தான் இருக்கு. ஆனா ரிங் விஷயத்துல எனக்கு மனசு ஒப்பலை, புகை இல்ல, ஆயில் குறையலை. ஆபீஸ்ல ஒருத்தர் கம்ப்ரஷன் கேஜ் வெச்சிருந்தாரு, வாங்கிட்டு வந்து ஆக்ஸிலேட்டரை முழுசா திறந்து வெச்சு அடிச்சேன், 105 பிஎஸ்ஐ காட்டுச்சு. இந்த மாதிரி கம்மி கம்ப்ரஷன் ரேஷியோ இருக்கற பழைய இஞ்சினுக்கு அது நல்ல நம்பர். எட்டாயிரம் மிச்சம்.

இப்போதான் கதைல ட்விஸ்ட், அதுவும் என்னைத் தப்பான பக்கம் கூட்டிட்டுப் போன ட்விஸ்ட். ஒரு ஞாயித்துக்கிழமை கிக் அடிச்சு அடிச்சு பேட்டரி இறங்கிப் போச்சு. பாயின்ட்ஸ் மூடி இருக்கும்போது சாவி ஆன்ல இருந்தா காயில் சும்மாவே மூணு ஆம்பியருக்கு மேல குடிக்கும், டப்பாக்குள்ள இருக்கறது 2.5 ஆம்பியர் அவர் குட்டி பேட்டரி, எவ்ளோ நேரம் தாங்கும். காரைப் பக்கத்துல நிறுத்தி ஜம்பர் கேபிள் போட்டேன். சிவப்பு கிளிப் பேட்டரி பாசிட்டிவ்ல. கருப்பு கிளிப் அந்த டப்பாக்குள்ள நுழையலை, அதனால சிலிண்டர் ஃபின்ல கடிக்க விட்டேன். முதல் கிக். முழுசா கூட மிதிக்கலை, டப்புனு எடுத்துச்சு. அணைச்சேன், திருப்பி அடிச்சேன், திருப்பி முதல் கிக். அப்பா எந்திரிச்சே வந்துட்டாரு.

நான் என்ன முடிவுக்கு வந்திருப்பேன்? பேட்டரி வீக். அன்னைக்கே 980 ரூபாய்க்குப் புது பேட்டரி, ராத்திரி பூரா சார்ஜ். இரண்டாவது அறிவிப்பு. மறுநாள் காலைல முப்பத்தஞ்சு கிக், ஆட்டோ.

அந்த ஆட்டோல போகும்போது செம்ம கோவம், ஆனா ஒரு விஷயம் உறுத்திட்டே இருந்துச்சு. கார் பேட்டரில எடுத்தது பொய்யில்ல. புது பேட்டரி 12.6 வோல்ட் காட்டுது, அதுவும் பொய்யில்ல. அப்ப ரெண்டுக்கும் நடுவுல என்ன வித்தியாசம்? சாயந்திரம் ரிச்சி ஸ்ட்ரீட்ல 450 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கிட்டு வந்தேன். இவ்ளோ நாளா அது இல்லாம ரிப்பேர் பாத்தவனை நீங்களே திட்டிக்கோங்க.

மீட்டர் கைல வந்தும் முதல் நாள் வேஸ்ட். பாயின்ட்ஸ் கேப் ஒரு தடவை செக் பண்ணிட்டு, அப்படியே இஞ்சினை நகத்தாம, காயில்ல வெச்சு அளந்தேன், 12.4. இஞ்சின்லேர்ந்து பேட்டரி நெகட்டிவ் 0.0. எல்லாம் பக்கா. மீட்டரைத் தூக்கி எறியலாம்னு வந்துச்சு. ராத்திரி படுத்ததுக்கு அப்புறம் உறைச்சுச்சு, கேப் பாக்கும்போது பாயின்ட்ஸ் முழுசா திறந்துல்ல இருக்கும்? திறந்திருந்தா காயில்ல கரண்டே ஓடாது. கரண்ட் ஓடாத ஒயர்ல எவ்ளோ மோசமான ஜாயின்ட் இருந்தாலும் மீட்டர் நல்லதாத்தான் காட்டும். குழாய் மூடி இருக்கும்போது பைப்புல அடைப்பு இருக்கான்னு பாத்த கதை.

மறுநாள் பாயின்ட்ஸ் மூடற இடத்துக்கு இஞ்சினை நகத்தி, சாவி ஆன் பண்ணி, சீக்கிரம் சீக்கிரமா அளந்து நோட்ல எழுதினேன். பேட்டரில 12.3. பேட்டரி நெகட்டிவுக்கும் காயில் உள்ள வர்ற முனைக்கும் 11.7, அதாவது சாவி சுவிட்ச் வழியா வர்றதுல அரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல போகுது, பரவால்ல. அப்புறம் மீட்டரோட கருப்பு முனை பேட்டரி நெகட்டிவ்ல, சிவப்பு முனை சிலிண்டர் ஃபின்ல. பூஜ்யம் வரணும். 2.6 வோல்ட்.

ரெண்டு தடவை துடைச்சுத் துடைச்சு வெச்சேன், அதே 2.6. எதேச்சையா ஹேண்டில் பாரைத் திருப்பினேன், நம்பர் 3.4க்கு போச்சு. இந்தப் பக்கம் திருப்பினா 2.2. ஹேண்டில் திருப்பினா இஞ்சின் எர்த், அதாவது இஞ்சின்லேர்ந்து கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பற வழி, ஏன் ஆடணும்னு கொஞ்ச நேரம் வாயைப் பொளந்துட்டு நின்னேன்.

விஷயம் இதுதான். பேட்டரி நெகட்டிவ் ஒயரை சீட்டுக்கு அடியில ஃபிரேம்ல ஒரு போல்ட்டுல கட்டிருக்காங்க. ஃபிரேம் பூரா பவுடர் கோட்டிங். இஞ்சின் மவுண்டிங் பிளேட் எல்லாத்துக்கும் பவுடர் கோட்டிங், ஸ்டட் போற ஓட்டைக்கு உள்பக்கம் கூட. பவுடர் கோட்டிங்னா பெயின்ட் இல்ல, தூளைத் தூவி அடுப்புல வெச்சு உருக்கின பிளாஸ்டிக் தோல், கரண்டுக்கு அது சுவர். இஞ்சினுக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல இரும்பு இரும்பைத் தொடற இடமே இல்ல. அப்ப இத்தனை நாள் கரண்ட் எந்த வழியா போச்சு? கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியா ஹேண்டில் பாருக்கு ஏறி, ஃபோர்க், ஸ்டியரிங் கோன்ல இருக்கற பால்ஸ் வழியா ஃபிரேமுக்கு இறங்கி பேட்டரிக்குப் போயிருக்கு. அதான் ஹேண்டில் திருப்பினா நம்பர் ஆடுது. ஜம்பர் கேபிளோட கருப்பு கிளிப்பை நான் ஃபின்ல மாட்டினப்போ இந்தச் சுத்து வழியே இல்லாம நேரா போச்சு, அதான் முதல் கிக். கார் பேட்டரிக்கு அதுல எந்தப் பெருமையும் இல்ல.

லைட்டும் ஹார்னும் நல்லா வேலை செஞ்சு என்னை ஏமாத்தினதும் இதனாலதான், ரெண்டோட எர்த்தும் ஃபிரேம்லயே முடிஞ்சுருது, இஞ்சினுக்கு வரவே வேணாம். தள்ளினா ஏன் பிடிக்குதுன்னும் இப்போ புரிஞ்சுச்சு, சக்கரம் வேகமா சுத்தினா ஆல்டர்னேட்டர் கொஞ்சம் கரண்ட் தூக்கிக் கொடுக்குது, ஓட ஆரம்பிச்சா 14 வோல்ட் கிட்ட வந்துருது, அதுல ரெண்டரை போனாலும் காயிலுக்கு மிச்சம் இருக்கு. கிக்ல மட்டும் 12.3ல 3 வோல்ட்டுக்கு மேல வழியிலயே தொலைச்சு காயிலுக்கு 9.1தான். காயில் சேத்து வைக்கற சக்தி கரண்டோட வர்க்கத்துல போகும், கணக்குப் போட்டா நல்ல நிலைமைல இருக்கறதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. அந்த மஞ்ச ஸ்பார்க்.

சரி பண்ணதுதான் இருக்கறதுலயே சின்ன வேலை. 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் ரெண்டு மீட்டர் 140 ரூபாய், ரிங் லக் நாலு 40, ஸ்டார் வாஷர் 10, எமரி ஷீட் 15, மொத்தம் 205. பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து நேரா கியர் பாக்ஸ் மேல இருக்கற ஒரு ஸ்டட்டுக்கு ஒரு ஒயர், அங்கேர்ந்து ஃபிரேமுக்கு இன்னொரு ஒயர். ஃபிரேம் பக்கம் ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பவுடர் கோட்டிங்கைச் சுரண்டினேன், மனசு வலிச்சுச்சு, வெள்ளி மாதிரி இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டி, ஸ்டார் வாஷர் பல் அதைக் கடிக்கற மாதிரி இறுக்கி, மேல கிரீஸ் தடவிட்டேன், மழைல துரு பிடிக்காம. லக்கை சும்மா கட்டிங் பிளேயர்ல நசுக்கினது முதல்ல கழண்டு வந்துருச்சு, அப்புறம் பக்கத்துல ஒரு எலக்ட்ரிஷியன் அண்ணன்கிட்ட கிரிம்பிங் டூல் வாங்கி ஒழுங்கா பண்ணேன். திருப்பி அளந்தா ஃபின்ல 0.04 வோல்ட். ஸ்பார்க் நீலம், சத்தம் கேக்குது. கிக் அடிச்சேன், ரெண்டாவதுல எடுத்துச்சு.

மூணாவது அறிவிப்பு, அதுவும் அவசரம். காலைல எடுக்குது, ஆனா ஐடில், அதாவது ஆக்ஸிலேட்டரைத் தொடாம நிக்கும்போது ஓடற வேகம், ஏறி இறங்கி ஆடுது, டீ குடிச்சுட்டு வந்து சூடா அடிச்சா ஏழெட்டு கிக் கேக்குது. ஆனா இந்தத் தடவை பதட்டப்படலை. இஞ்சின் ஓடிட்டு இருக்கும்போது கார்புக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற ஜாயின்ட்ல கார்ப் கிளீனரை லேசா அடிச்சேன், ஐடில் சட்டுனு மாறிச்சு. அங்க காத்து உள்ள இழுக்குது. நான் வெறில இறுக்கினேன்னு சொன்னேன்ல, ஃபிளேஞ்ச் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சிருச்சு. கழட்டி ஒரு கண்ணாடித் துண்டு மேல எமரி ஷீட்டை விரிச்சு, 220 நம்பர் ஷீட்ல 8 வடிவத்துல தேச்சேன், நடுவுல மட்டும் தேயாம கருப்பா நின்ன இடம் மெதுவா சுருங்கி சுருங்கி காணாமப் போச்சு, அப்புறம் 400ல ஃபினிஷிங். புது ஓ ரிங், புது கேஸ்கெட். நட்டை ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, சின்ன ஸ்பேனர்ல ரெண்டு விரல் பலத்துல. அதோட கோன் ஃபில்டர் போட்டதுக்கு ஏத்த மாதிரி ஜெட்டை மாத்தவே இல்ல கடைல, கார்ப்ல இருந்தது பழைய 90 மெயின், 25 பைலட். பைலட் 30 போட்டேன், மெயின் 100. ஏர் ஸ்க்ரூ ஒன்றரை சுத்து வெளிய. பிளக் முனை வெள்ளையா இருந்தது இப்போ டிகாஷன் கலர்ல வருது. சூடா இருக்கும்போதும் ரெண்டு மூணு கிக்.

இதோட விட்டிருக்கலாம். அப்பா ஒரு நாள் நான் கிக் அடிக்கறதைப் பாத்துட்டு "ஆம்பியர் செட் பண்ணாம ஏண்டா மாடு மாதிரி மிதிக்கற, முள்ளு எங்கடா?"ன்னாரு. பழைய நாசெல்ல ஒரு சின்ன ஆம்பியர் மீட்டர் இருக்கும். சாவி போட்டு கிக்கரை மெதுவா அமுக்கினா, பாயின்ட்ஸ் மூடி இருக்கும்போது முள்ளு மைனஸ் பக்கம் சாஞ்சு நிக்கும், பாயின்ட்ஸ் திறந்ததும் நடுவுக்கு வந்துரும். அதுதான் பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சிக்கு வந்துட்டதுக்கு அடையாளம். அங்க நிறுத்தி, டீகம்ப்ரஷன் லிவரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளிய விடற லிவர்) பிடிச்சு கிக்கரை இன்னும் கொஞ்சம் நகத்தி, கிக்கரை மேல வரவிட்டு, லிவரை விட்டு ஒரே மிதி. அப்பா செருப்பு போட்டுட்டு ஒரே கிக்ல எடுத்ததோட ரகசியம் பலம் இல்ல, இந்த முள்ளு. கஸ்டம் பண்ணும்போது "ஹேண்டில் கிளீனா இருக்கணும்"னு நான்தான் சொன்னேன், மீட்டரும் போச்சு, டீகம்ப்ரஷன் லிவரும் கேபிளும் போச்சு. ஸ்டார்ட் பண்றதுக்குன்னு கம்பெனிக்காரன் வெச்ச ரெண்டு சாமானையும் அழகுக்காக நானே கழட்டச் சொல்லி, அதுக்குக் காசும் கொடுத்திருக்கேன்.

ஷெல்ஃப் மேல இருந்த அட்டைப் பெட்டியை இறக்கினேன். லிவர் இருந்துச்சு, கேபிள் அறுந்திருந்துச்சு, புதுசு 120. வால்வு ஹெட்லயே இருந்ததால அரை மணி நேர வேலை. மீட்டரும் இருந்துச்சு, ஆனா இந்தச் சின்ன லைட்டுக்கு அதை எங்க வைக்கறது, அதனால அதுக்குப் பதிலா ஒரு எல்இடி வெச்சேன். காயில்லேர்ந்து பாயின்ட்ஸுக்குப் போற முனைல ஒரு ஒயர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்இடி, இஞ்சின் எர்த். பாயின்ட்ஸ் மூடினா அணையும், திறந்தா எரியும். முதல்ல நேரா மாட்டினேன், வண்டி ஸ்டார்ட் ஆன அடுத்த நொடி எல்இடி செத்துப் போச்சு. பாயின்ட்ஸ் திறக்கும்போது அந்த முனைல 12 வோல்ட் இல்ல, சில நூறு வோல்ட் ஒரு கணம் எகிறும். ரெண்டாவது தடவை நடுவுல ஒரு புஷ் பட்டன் போட்டேன், டேங்குக்கு அடியில கண்ணுக்குத் தெரியாம. செட் பண்ணும்போது மட்டும் அமுக்கணும், விட்டுட்டுத்தான் கிக். எல்லாம் சேத்து 45 ரூபாய். அப்பாவுக்கு முள்ளு இல்லாதது குறைதான், "பல்பைப் பாத்து வண்டி எடுக்கறதாம்"னு சொல்லிட்டுப் போனாரு.

கணக்கு: தேவையே இல்லாம செலவழிச்சது கார்ப் கிட், பிளக், பாயின்ட்ஸ், கண்டென்சர், காயில், பேட்டரி, சர்வீஸ் எல்லாம் சேத்து 3,820. கழட்டின பழைய காயிலும் கண்டென்சரும் நல்லா இருக்கு, எடுத்து வெச்சிருக்கேன். நிஜமா வேலை செஞ்சது எர்த் ஒயர் 205, கேபிள் 120, எல்இடி 45, ரெண்டு ஜெட்டும் கேஸ்கெட்டும் ஓ ரிங்கும் 260.

இனி ஒரு வண்டி கஸ்டம் பண்ணா பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நானே போய் இஞ்சின் மவுண்ட் முகம், ஸ்டட் ஓட்டை, எர்த் போல்ட் இடம் எல்லாத்துலயும் சூடு தாங்கற டேப் ஒட்டிட்டு வருவேன். அம்பத்தூர்ல அந்த வேலை பண்ற இடத்துல கேட்டேன், சொன்னா அவங்களே ஒட்டித் தருவாங்களாம், யாரும் சொல்றதில்லையாம். டப்பாவையும் கொஞ்சம் பெருசா அடிக்கச் சொல்லி பழைய 5 ஆம்பியர் அவர் பேட்டரிதான் வைப்பேன். மல்டிமீட்டர் முதல் நாளே வெளிய வரும், பாயின்ட்ஸ் மூடி இருக்கான்னு பாத்துட்டு.

பாய்கிட்ட போன வாரம் போய் சொன்னேன், எர்த்துதான் பாய்னு. தலையை ஆட்டிட்டு, "சரி தம்பி, ஆனா ரிங்கும் பாத்துக்க"ன்னாரு.